கை மாறிய காப்பு

வெள்ளிக்கிழமை அந்தியில் மாரியம்மன் கோயிலில் என் புருஷன் வீரையாவின் கையில் காப்புக் கட்டினார்கள். திங்கட்கிழமை பகல் பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அந்த ஃபோன் நாலு நாள் முந்தி வந்திருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு எதுதான் முந்தி வந்திருக்கிறது?

ஃபோன் அடித்தபோது நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பதினொரு வருஷமாக அங்கே எனக்கு ஆயா வேலை. மற்றப் பிள்ளைகளையெல்லாம் தூங்க வைத்துவிட்டு, தூங்காத ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெயராணியா? நான் வார்டிலேருந்து றம்லத்" என்றார் அந்தப் பக்கம். றம்லத் மிஸ்ஸி அங்கே தாதி. ஒப்பரேஷன் நடந்த நாளிலிருந்து டாக்டர் சிங்களத்தில் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்லி விளங்க வைத்தவர் அவர்தான். "புதன்கிழமை காலைல அவரக் கூட்டிட்டு வந்து சேருங்க. வியாழன் அந்த மருந்து வெப்பாங்க. இத உட்டா அடுத்த திகதி ஒரு மாசத்துக்குப் பொறகுதான் ஈக்கி. ஒப்பரேஷன் முடிஞ்சி ஆறு கிழமைக்குள்ள வெக்கணும் எண்டு டாக்டர் செல்றார். இப்பவே அஞ்சாகிட்டு."

"மிஸ்ஸி, அவருக்குக் கோயில்ல காப்புக் கட்டியிருக்கு" என்றேன்.

"அதுக்கு?"

அதற்கு என்ன என்று ஃபோனில் விளக்க முடியுமா? காப்பு என்பது மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு நூல்தான். ஆனால் கையில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, படுக்கை கோயில் மண்டபத்தில். கட்டினவர் எல்லை தாண்டினால் திருவிழாவுக்கே குற்றம் என்று பயப்படுவார்கள். திருவிழா முடிவது ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது புதன்கிழமை.

"அவருக்கு நீங்க இன்னம் செல்லல்லயா?" என்று கேட்டார் மிஸ்ஸி. அவர் பேச்சில் 'சொல்' எப்போதும் 'செல்'தான். நான் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினேன். "செல்லிடுங்க. ஒங்களால ஏலாட்டி இங்க கூட்டிட்டு வாங்க, நாங்க செல்றோம்" என்று வைத்துவிட்டார்.

அந்த மருந்து சும்மா கையில் போடுகிற ஊசி இல்லை. தொடை இடுக்கில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் நூல் போல ஒரு குழாயை விட்டு, ஈரலுக்குப் போகிற குழாய் வரைக்கும் அதைக் கொண்டுபோய், அங்கே மருந்தைச் செலுத்துவார்கள். ஈரலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. வெட்டியதைப் பரிசோதித்தபோது, நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள்ளும் அந்தச் சனியன் நுழைந்திருந்தது தெரிந்ததாம். கண்ணில் படாத மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அது தலையெடுப்பதற்கு முன்னால் மருந்து போய்ச் சேர வேண்டும். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள் என்ற கணக்கு அதற்குத்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கண்டியில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் வேலை செய்யும் என் மகள் தர்ஷிகாவுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்த அன்று, கண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே நானும் மகளும் முடிவு செய்தோம். அப்பா தாங்கமாட்டார், சொல்ல வேண்டாம். எங்கள் பக்கத்தில் கென்சர் என்றால் நோயாளியைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதுதான் வழக்கம். அவரிடம் ஈரலில் ஒரு நீர்க்கட்டி என்றோம். ஊருக்கு அதையும் சொல்ல முடியாது, ஈரல் என்றாலே குடிகாரன் என்று பேர் வைத்துவிடுவார்கள். என் புருஷன் கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டுத் தொடாதவர். ரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் டாக்டர் சொன்னார். அதை லயம் லயமாக, வரிசை வீடெல்லாம் போய் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு ஏது தெம்பு? ஊருக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டோம். ஒரு வியாதிக்கு இரண்டு பொய். எதை யாரிடம் சொன்னேன் என்று ஞாபகம் வைத்திருப்பதிலேயே என் பாதி உயிர் போய்விட்டது.

ஒப்பரேஷன் முடிந்து அவர் கண் விழித்ததும், "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, இனி ஒரு பயமும் இல்ல" என்று சொன்னதும் நான்தான். அதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தபடியே, இந்த வருஷத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வயிற்றில் தையல் பிரிக்காத மனுஷன், நெருப்பு எரிகிற மண்சட்டியை ஏந்திக்கொண்டு லயம் லயமாக நடப்பதற்கு நேர்ந்துகொள்கிறார்! வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? சுகமானதற்கு நன்றி சொல்கிறார். சுகம் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தியில் மழை விட்டதும் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் பாயை விரித்து, காப்புக் கட்டின மற்ற நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. சீனி வருத்தக்காரருக்கு ஒருவேளைச் சாப்பாடு என்ற எரிச்சல் எனக்கு ஏற்கெனவே இருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு வேறு காதைப் பிளந்தது.

"என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

"இங்கயே சொல்லேன்."

"இங்க சொல்ற விஷயம் இல்ல."

கோயிலுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் போய் நின்றோம். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள், ஒரு மருந்து வைக்க வேண்டுமாம் என்றேன்.

"காயந்தான் ஆறிப்போச்சே. திருவிழா முடியட்டும், திங்கக்கிழமை போவோம்."

"திங்கக்கிழமை ஆகாதுங்க."

"ஏன் ஆகாது? எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நீதானே சொன்ன?"

மத்தியானத்திலிருந்து ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். உள்தையலில் சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு ஊசி, அதைத் தள்ளிப்போட முடியாது. நல்ல பொய்தான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் திடீரென்று நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். களைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

"அது கென்சருங்க" என்றேன்.

அவர் பக்கத்துச் செடியில் ஒரு இலையைப் பறித்தார். பழக்க தோஷம். அதைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றார்.

"தர்ஷிகாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த முஸ்லிம் மிஸ்ஸிக்கு?"

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தக்குழாய்க்குள் இருந்ததை, ஆறு கிழமையை, தொடை வழியாகப் போடும் மருந்தை, ஒன்றும் விடாமல். அழுதிருந்தால் அவர் இளகியிருப்பாரோ என்னமோ. எனக்கு அழுகையும் வரவில்லை. கடைசியில், "பூசாரிகிட்ட சொல்லிக் காப்பை அவுத்துட்டுப் போவோம், வாங்க" என்றேன்.

"அவுக்கிறதா?" என்று என்னைப் பார்த்தார். "நீர்க்கட்டிக்கே தீச்சட்டி எடுக்கிறேன்னு சொன்னவன் நான். கென்சர்னா அதைக் கட்டாயம் எடுக்கணும்ல? அம்மாவுக்குச் சொன்னதைப் பாதியில விட்டுட்டு அங்க போய்ப் படுத்தா உருப்படுமா?"

"செத்துப் போயிட்டா யாரு சட்டி எடுக்கிறது?" என்று கத்திவிட்டேன். பாட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. மண்டபத்துக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐந்து மாதமாக எந்த உண்மைக்குப் பயந்து செத்தேனோ, அதைச் சொல்லியும் ஒரு அடி நகரவில்லை. பொய்க்கும் தீச்சட்டி, உண்மைக்கும் அதே தீச்சட்டி. வீட்டுக்கு வந்து சோறு வைக்காமல் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கையாவிடம் போனேன். அவர் கோயில் கமிட்டித் தலைவர். தொண்டர்கள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் கோபித்துக்கொண்டு பதவியை விடப்போவதாகச் சொல்வார், விட்டதே கிடையாது. தறப்பாள் பந்தலுக்குக் கீழே கமிட்டி ஆட்கள் நாலு பேரோடு கதிரை போட்டு உட்கார்ந்து, சாமி ஊர்வலம் முதலில் மேல்லயத்துக்குப் போவதா கீழ்லயத்துக்குப் போவதா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, என் வீட்டுக்காரர் காப்பை அவுக்கணும்" என்றேன்.

"வெளையாட்டா இது? போன வருஷம் ஒருத்தன் காப்போட கண்டிக்குப் போயிட்டு வந்தான். சாமி வெளிய வந்த நேரம் பாத்து எப்படி மழை கொட்டுச்சு? நீயுந்தானே நனைஞ்ச?"

சித்திரை மாதம் அந்திக்கு மழை கொட்டாமல் வேறென்ன கொட்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரியில புதன்கிழமை வரச் சொல்றாங்க."

"பித்தப்பைக் கல்லுதானே? அதான் எடுத்தாச்சே. ஒரு கிழமை பொறுத்துப் போனா என்ன கொறஞ்சிடும்?"

"கல்லு இல்ல தலைவரே. ஈரல்ல கென்சர்."

மேல்லயமும் கீழ்லயமும் மறந்துபோயின. "வீரையாவா? அவன் குடிக்கமாட்டானே" என்றார் ஒருவர். குடிக்காதவர்களுக்கும் வரும் என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்வதற்குப் பயந்துதான் ஊர் முழுக்கக் கல் கல் என்று சொல்லித் திரிந்தேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மூக்கையாவுக்கு இரக்கம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பயம் வந்தது, அது நன்றாகத் தெரிந்தது. "சட்டியோட எங்கயாவது விழுந்து வச்சான்னா திருவிழாவே நின்னு போயிடும்" என்று முணுமுணுத்துவிட்டுப் பூசாரியைக் கூப்பிட்டார். இருவரும் தள்ளி நின்று பேசினார்கள். திரும்பி வந்து, "நேர்த்தி வீட்டுக்குப் பொது. புருஷன் கையில இருக்கிறதப் பொஞ்சாதி கையில மாத்திக் கட்டலாமாம். சம்மதமா?" என்றார்.

"சம்மதம்" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப தீச்சட்டியை நீ எடுக்கணும். ஞாயிறு வரைக்கும் நீ எல்லை தாண்டக்கூடாது. தெரியும்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரோடு நான் போக முடியாது. இதுவரைக்கும் ஒரு கிளினிக் நான் இல்லாமல் நடந்ததில்லை. ஆஸ்பத்திரி பைலை என் கக்கத்தில்தான் வைத்திருப்பேன், அவர் கண்ணில் படாமல். டாக்டர் அறைக்குள் நான் போவேன், அவர் வெளியில் மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். மருந்துத் துண்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் திகதி எல்லாம் என் கையில். அவருடைய உடம்பு மட்டும்தான் அவரிடம் இருந்தது.

ஆனாலும் சம்மதம் என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

பூசாரி மண்டபத்தில் என் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் எழுந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பிறகு என் கையைப் பார்த்து, "சட்டி சுடும்" என்றார்.

"வேப்பிலை வச்சுப் பிடிப்பேன்."

"கனமா இருக்கும்."

"இருவது வருஷம் கொழுந்துக்கூடை சுமந்தவ நான்."

கையை நீட்டினார். பூசாரி அம்மனுக்குச் சூடம் காட்டி, முடிச்சை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினார். நூல் அவருடைய வியர்வையில் ஈரமாக இருந்தது. அன்று மத்தியானம் நாலு நாளைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. அது இனி என்னுடைய விரதம்.

புதன்கிழமை காலையில் தர்ஷிகா லீவு போட்டு வந்திருந்தாள். தோட்டத்து எல்லையில் ஒரு மதகு இருக்கிறது. அதைத் தாண்டினால் கலஹா ரோட்டு, பேராதனை பஸ் அங்கேதான் நிற்கும். மதகு வரைக்கும் நானும் போனேன். சீனிக்குப் போடுகிற குளிசை எந்தப் பையில், உடுத்தச் சாரம் எத்தனை, முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று மகளிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு, பைலை அவளிடம் நீட்டினேன்.

"இங்க குடு" என்றார் அவர்.

வாங்கிக்கொண்டு மதகுக் கட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாம் இங்கிலீஷ். ஒரு தாளை உருவி மகளிடம் கொடுத்து, "படி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாவைப் பாக்காத. படி."

அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். கட்டி எத்தனை சென்ரிமீற்றர், எந்தப் பக்கம், எத்தனை ரத்தக்குழாயில் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், யாரோ அடுத்த வீட்டுக்காரி மாதிரி. பஸ் வந்தது. பைலைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட என்ன உரிமை என்று உடனே தோன்றியது, ஆனாலும் வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று தர்ஷிகா மெசேஜ் அனுப்பினாள். பன்னிரண்டுக்கு வெளியே வந்துவிட்டாராம். அந்திக்குக் காய்ச்சல், வாந்தி, அது வருவதுதான் என்று மிஸ்ஸி சொன்னாராம். நான் தொட்டில்களை ஆட்டினேன், பால் கரைத்தேன், ஈரத்துணி அலசிப் போட்டேன். இருட்டினதும் மண்டபத்தில், அவர் விரித்திருந்த இடத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி யாரிடமும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை பகல் அவரே எனக்கு ஃபோன் எடுத்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

"காய்ச்சல் விட்டுருச்சு. வாந்தி கொஞ்சம் இருக்கு" என்றார். "காலை மடக்காம ஆறு மணித்தியாலம் படுக்க வச்சாங்க. இடுப்பு செத்துப் போச்சு. மத்தபடி பெரிசா நோவல."

"கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். காலையில டாக்டர் வந்தாரு. நானே கேட்டேன், சிங்களத்துல."

"என்னத்தக் கேட்டீங்க?"

"திரும்ப வருமான்னு."

எத்தனையோ கிளினிக் போயிருக்கிறேன். டாக்டரின் மேசைக்கு முன்னால் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எப்போது குளிக்கலாம், எத்தனை நாளைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை.

"வரலாம்னாரு" என்றார், சந்தைக்குப் போன கதையைச் சொல்வது போல. "ரத்தக்குழாய்க்குள்ள போயிருந்தா கூடுதலா வருமாம். இந்த மருந்தால கொறையுமாம், ஆனா பத்துப் பேருக்கு வச்சா பத்துப் பேருக்கும் நிக்கிறதில்லையாம். இன்னொரு தரமும் வைக்க வேண்டி வரலாம். வர்றதா இருந்தா அனேகமா ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துருமாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாப்பாங்க. ரெண்டு வருஷம் தாண்டிட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்னாரு."

அவர் தாங்கமாட்டார், தாங்கமாட்டார் என்று மகளிடமும் மிஸ்ஸியிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, இதோ அவர் தாங்கிக்கொண்டுதான் பேசுகிறார். படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை மாதத்தில் அன்றுதான் அழுகை வந்தது.

"கேக்குதா?" என்றார்.

"இதெல்லாம் ஏங்க எங்கிட்ட சொல்றீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் கட்டிலில் திரும்பிப் படுத்தது கேட்டது.

"வேற யாருகிட்ட சொல்றது?" என்றார்.